பத்தூர் நடராஜரும் இரா. நாகசாமியும்: ஒரு லண்டன் வழக்கின் வழியே

தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 2022 ஜனவரி 23 அன்று சென்னையில் காலமானார். வயது 91. அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் மறக்காமல் சேர்த்த ஒரு வரி உண்டு: லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி, பத்தூர் நடராஜரை மீட்க வழிசெய்தவர். பத்ம பூஷண் (2018), துணைவேந்தர் பதவி, எழுதிய நூல்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய பதினைந்து வருடக் கதை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், கலை வரலாறு படித்த ஒருவர் நாட்டுக்கு எந்த இடத்தில் உதவ முடியும் என்பது தெரியும். உதவ முடியாமல் போகிற இடமும் தெரியும்.

நடந்தது என்ன

பத்தூர் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது, அப்போது தஞ்சாவூர் மாவட்டம். அங்கே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விசுவநாதசுவாமி கோயில் பாழடைந்து கிடந்தது. பூசை நின்று பல காலம் ஆகியிருந்தது. 1976இல் கோயிலை ஒட்டிய இடத்தில் மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கருவி உலோகத்தில் பட்டது. குழிக்குள் செப்புத் திருமேனிகள், அவற்றில் ஒன்று நடராஜர். அவர் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். அது தரகர் கை மாறி மாறி நாட்டை விட்டே வெளியேறியது.

1982இல் லண்டனில் ஒரு கலைப்பொருள் வியாபாரி அதை 2,50,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இயங்கிய பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். அவர்களிடம் காட்டப்பட்ட பூர்வோத்திரம், அதாவது சிலை எங்கிருந்து யார் கைவழியே வந்தது என்ற விவரம், பொய். சிலை பராமரிப்பு வேலைக்காக பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயிருந்த சமயத்தில் லண்டன் மாநகரப் போலீஸ் அதைக் கைப்பற்றியது.

"நாங்கள் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியது, திருப்பிக் கொடு" என்று நிறுவனம் போலீஸ் கமிஷனர் மேல் வழக்குப் போட்டது. அதனால்தான் வழக்கின் பெயரில் இந்தியாவும் இல்லை, நடராஜரும் இல்லை. பம்பர் எதிர் மாநகரப் போலீஸ் கமிஷனர், அவ்வளவுதான். இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் சார்பில் நியமிக்கப்பட்ட தக்கார் (நிர்வாகப் பொறுப்பாளர்), கோயில் ஆகிய தரப்புகள் உரிமை கோரி அதற்குள் நுழைந்தன. பத்தூரில் மிஞ்சியிருந்த சிவலிங்கத்தின் பெயராலும் உரிமை கேட்கப்பட்டது.

சர்வதேச ஒப்பந்தம் எதையும் காட்டி வெல்ல முடியாத நிலை. களவுபோன பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இலேயே வந்துவிட்டது, இந்தியா 1977இல் ஏற்றும்விட்டது. பிரிட்டன் அதில் சேர்ந்தது 2002இல்தான். ஆகவே 1980களில் லண்டனில் நின்றவர்களுக்கு இருந்த ஒரே வழி சாதாரணச் சொத்து வழக்கு. இந்தப் பொருள் யாருடையது, உங்களுடையது என்றால் நிரூபியுங்கள். திருட்டுப்போன மாட்டை மீட்கப் போகிறவரிடம் கேட்கிற அதே கேள்வி.

புகைப்படம் இல்லை, பதிவேடு இல்லை

முந்தைய அனுபவம் ஒன்று இருந்தது. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து எடுத்த நடராஜர் பழுதுபார்க்கப் போனார், கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். கோயிலில் இருப்பது போலி என்பதை பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இல் வெளியான தம் நூலில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அசலை 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். அந்த விவகாரம் தீர்ப்பு வரை போகவில்லை. பத்து வருடம் அவர்கள் வைத்துக்கொண்டு பிறகு கொடுப்பது என்று 1976இல் சமரசம் ஆயிற்று, 1986இல் சிலை திரும்பியது. சிவபுரம் நடராஜர் வெளியே எடுக்கப்பட்டவர், அறிஞர்கள் பார்த்தவர். அதனால் அடையாளம் காட்டுவதில் சிக்கல் குறைவு.

பத்தூரில் அந்த வசதி கிடையாது. 1976க்கு முன்னால் அந்த நடராஜரை உயிரோடு இருந்த யாரும் கண்டதில்லை. மண்ணுக்குள் இருந்த பொருளுக்கு ஏது புகைப்படம், ஏது சொத்துப் பதிவேடு? இங்கே ஒரு பெருமூச்சு விடலாம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனியையும் பாதாதிகேசாந்தம் (பாதத்திலிருந்து தலைமுடி வரை) இத்தனை விரல் உயரம், இத்தனை கை, கனமா பொள்ளலா (உள்ளே கெட்டியா கூடா), என்னென்ன நகை, எவ்வளவு எடை என்று எழுதிவைத்திருக்கின்றன. இன்றைய அருங்காட்சியகப் பதிவேடு தோற்றுவிடும். பத்தூருக்கு அப்படி ஒரு கல்வெட்டு இருந்திருந்தால் வழக்கு பாதி நாளில் முடிந்திருக்கும்.

இந்தியத் தரப்பிடம் இருந்தது வேறு ஒன்று. அதே குழியிலிருந்து வந்த மற்றத் திருமேனிகள் சில தமிழ்நாட்டிலேயே போலீசிடம் சிக்கியிருந்தன. அவை பத்தூரைச் சேர்ந்தவை என்பதில் தகராறு இல்லை. லண்டனில் இருப்பவர் இவற்றின் உடன்பிறப்பு என்று காட்டிவிட்டால் போதும்.

காட்டுவது எப்படி? மண்ணியல், உலோகவியல், பூச்சியியல் வல்லுநர்கள் வந்தார்கள். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும், அதில் கரையான் விட்டுப்போன தடங்களும்கூட ஒப்பிடப்பட்டன. ஒரு சோழர் காலத் திருமேனியின் உரிமையைத் தீர்மானிக்க லண்டனில் கரையானைப் பற்றிச் சாட்சியம் நடந்தது என்பதை நினைத்துப் பார்க்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணும் கரையானும் ஒரு வட்டாரத்தைச் சொல்லும், புதைந்திருந்த நிலையைச் சொல்லும். ஒரே பட்டறையில், ஒரே காலத்தில், ஒரு கோயிலுக்காகச் செய்த தொகுதி என்று சொல்ல வேறு கண் வேண்டும். அதற்காகத்தான் நாகசாமி கூண்டில் ஏறினார். அப்போது அவர் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் இயக்குநர்.

சோழர் செப்புத் திருமேனி ஒவ்வொன்றும் மெழுகில் உருவாக்கி, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றிச் செய்வது. சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் அச்சில் வார்த்த இரட்டைகள் கிடையாது, ஒவ்வொன்றும் தனி. அதே சமயம், மெழுகைப் பிடித்த கை மாறாது. பூணூல் முடிச்சு விழும் இடம், தோளில் தொங்கும் அணி, அரையாடையின் மடிப்பு, தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரத்தின் இதழ்கள், தாமரைப் பீடத்தின் விளிம்பு என்று ஸ்தபதி யோசிக்காமலே செய்கிற இடங்களில் அவருடைய கையெழுத்து இருக்கும். முகத்தைப் பார்த்து மயங்குகிறவர் ரசிகர். சிலையைத் திருப்பி முதுகைப் பார்க்கிறவர்தான் காலம் சொல்லக்கூடியவர். நடராஜர் என்றால் இன்னும் நிறைய உண்டு: திருவாசியின் சுடர்கள், விரிசடை, கொக்கிறகு, முயலகன் படுத்திருக்கும் விதம்.

இதெல்லாம் 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' வகை என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட முடியும். குறுக்கு விசாரணையில் அது நிற்க வேண்டுமானால், சொல்கிறவர் எத்தனை சிலைகளை, எந்தெந்த நிலையில், எந்தக் குழியிலிருந்து வந்தவுடன் பார்த்திருக்கிறார் என்பது முக்கியம். நாகசாமியின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் சாட்சியமாக மாறுகிறது.

அந்தக் கண் எங்கே பழகியது

1930இல் பிறந்தவர். ஊர் கொடுமுடி. சமஸ்கிருத அறிஞரின் மகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் முதுகலை. 1959இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கலை, தொல்லியல் பிரிவுக் காப்பாட்சியராகச் சேர்ந்தார். என் கணக்கில் அவருடைய உண்மையான கல்லூரி அதுதான்.

காரணம் ஒரு பழைய சட்டம். 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் விலையுள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மதராஸ் மாகாணத்தில் இப்படி வந்த திருமேனிகள் எழும்பூருக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனித் தொகுப்பு இந்தியாவில் தலையாயதாக வளர்ந்ததற்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். ஏலத்தில் வாங்கிய சிலைக்குப் பின்னால் வியாபாரி சொன்ன கதை இருக்கும். புதையலாக வந்த சிலைக்கு ஊர் பெயர், கூடக் கிடைத்த மற்றப் பொருள்கள் எல்லாம் தெரியும். எந்த ஊர்த் தொகுதி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எழும்பூரைவிட நல்ல இடம் அப்போது உலகத்தில் இருந்திருக்க முடியாது.

1960களில் மாநிலத் தொல்லியல் துறை புதிதாக உருவாகிக்கொண்டிருந்தபோது அங்கே போனார். 1966 முதல் 1988 வரை இயக்குநர். இந்த இருபத்திரண்டு வருடத்தில் துறை செய்தவற்றைப் பட்டியல் போட்டால் கட்டுரை நீண்டுவிடும். கொற்கையில் அகழாய்வு, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழாய்வு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஜம்பை கல்வெட்டு. எனக்கு இவற்றில் தனியாகச் சொல்லத் தோன்றுவது செங்கம் நடுகற்கள். ராஜா கட்டிய கோயிலை விட்டுவிட்டு, ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல்லைத் தேடி வயல் வரப்புகளில் ஆட்களை நடக்கவைத்து, 1972இல் அவற்றைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். சங்க இலக்கியம் பேசும் நடுகல் வழக்கம் எப்படித் தொடர்ந்து வந்தது என்பதற்குக் கல்லிலேயே ஆதாரம் கிடைத்தது. கல்வெட்டுப் படிக்க இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு, 'கல்வெட்டு' என்ற பெயரில் துறை இதழ், சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் சிறு நூல்கள் என்று அலுவலகத்துக்கு வெளியே ஆள் சேர்ப்பதிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. சிதம்பரம் நாட்டியாஞ்சலி 1981இல் தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு.

புதையுண்ட திருமேனிகள் விஷயத்தில் அவருக்கு இருந்த அனுபவத்துக்கு எசாலம் நல்ல உதாரணம். விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர்க் கோயிலில் 1987இல் திருப்பணி நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து திருமேனிகளும், ராஜேந்திர சோழனின் செப்பேடும் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர் நாகசாமி. படையெடுப்பு, கலகம் என்று ஆபத்து வரும்போது திருமேனிகளை வளாகத்துக்குள்ளேயே முறையாகப் புதைத்துவைப்பது கோயில்களின் வழக்கம். அப்படிப் புதைத்தவர்கள் மீண்டும் எடுக்கத்தான் நினைத்திருப்பார்கள். எடுக்க ஆள் இல்லாமல் போனது. பத்தூர்க் குழியும் அப்படிப்பட்டதே. சட்டப்படி இது முக்கியமான வித்தியாசம். தூக்கியெறிந்த பொருளுக்கு உரிமையாளர் இல்லை என்று வாதாடலாம், ஒளித்துவைத்த பொருளுக்கு அப்படி வாதாட முடியாது.

தீர்ப்பு

1988 பிப்ரவரியில் நீதிபதி இயன் கென்னடி தீர்ப்பளித்தார். லண்டன் நடராஜர் பத்தூர் நடராஜரே என்று ஏற்றுக்கொண்டார். நாகசாமியின் புலமையைத் தம் தீர்ப்பில் தனியாகப் பாராட்டவும் செய்தார்.

அடுத்து வந்தது விசித்திரமான கேள்வி. வழக்காடுவது யார்? ஆங்கிலச் சட்டத்தில் ஒரு கட்டடம் வழக்குப் போட முடியாது. அதிலும் இது கூரையும் பூசையும் இல்லாத, கிட்டத்தட்டக் கற்குவியலாகிவிட்ட கோயில். இந்தியச் சட்டப்படி தெய்வமும் கோயிலும் சட்டபூர்வ ஆளாக முடியும். இங்கிலாந்து நீதிமன்றத்தில் வெளிநாட்டுச் சட்டமும் ஒரு சங்கதி மாதிரிதான், நிபுணர்களை வைத்து நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பக்தரின் எண்ணம் அழிந்துவிடவில்லை, தப்பிப் பிழைத்த சிவலிங்கத்தின் வடிவில் அது தொடர்கிறது என்ற அளவுக்கு நீதிபதி போனார். 1925லேயே, காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காளக் குடும்பத் தெய்வத்தின் வழக்கில் தெய்வத்தைச் சட்டபூர்வ ஆளாக ஏற்றிருந்தது. அது காலனியிலிருந்து வந்த மேல்முறையீடு. இங்கிலாந்தின் சொந்த நீதிமன்றத்தில், இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரத்துக்கு எதிராக, ஒரு தமிழ்நாட்டு ஊர்க்கோயில் உரிமை கோரும் தரப்பாக நின்றது அதிலிருந்து மாறுபட்ட விஷயம்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் பக்கமே நின்றது. சிவலிங்கத்தின் உரிமை பற்றி முடிவு சொல்லவேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். கோயில் தன் தக்கார் மூலம் வழக்காடலாம், அதை அனுமதிப்பதால் ஆங்கிலப் பொதுக் கொள்கைக்குப் பாதகம் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் நிலை. அதே வருடம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

கலைப்பொருள் மீட்புச் சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை எடுப்பது கோயில் வழக்காடிய பகுதிக்காக. தமிழ்நாட்டில் இதைச் சொல்கிறவர்கள் நாகசாமியைச் சொல்வதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கின என்பது என் கருத்து. அடையாளம் நிரூபணமாகாமல் கோயிலுக்கு உரிமை இருந்து பயனில்லை, கோயிலை ஆளாக ஏற்காவிட்டால் அடையாளம் நிரூபணமாகியும் பயனில்லை. கூடவே, கூலித் தொழிலாளியிலிருந்து தரகர்கள் வரை கைமாறிய சங்கிலியை ஊர் ஊராகப் போய்க் கண்டுபிடித்த போலீஸ்காரர்களின் வேலை அஞ்சலிக் கட்டுரைகளில் காணாமல் போய்விடுகிறது. அது நியாயமில்லை.

ஒரே ஆளை நம்பியிருப்பது

இந்த வெற்றியில் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. ஒரு மாநிலத்தின் ஆயிரக்கணக்கான கோயில் திருமேனிகளுக்கு ஆதாரம் சில அறிஞர்களின் நினைவில் இருக்கிறது என்றால், அந்த அறிஞர்களுக்கு வயதாகும். அடுத்த தலைமுறை மீட்புகளைச் சாத்தியமாக்கியது பெரும்பாலும் புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைக் கிராமம் கிராமமாகப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டதும் மேற்கொண்டு பேச இடமில்லாமல் போனது. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அங்கே பூணூல் முடிச்சைப் பற்றி யாரும் கூண்டில் நின்று மணிக்கணக்கில் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் மண்ணுக்குள் இருந்து நேராகக் கடத்தலுக்குப் போகும் சிலைக்குப் படம் இருக்காது. அந்த வகைக்குப் பத்தூர் வழிதான் இன்றைக்கும் வழி. அருங்காட்சியகத்திலும் களத்திலும் முப்பது வருடம் ஊறிய ஒருவரை அரசு சம்பளம் கொடுத்து உருவாக்கி வைத்திருந்ததால்தான் லண்டனுக்கு அனுப்ப ஆள் இருந்தது.

அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக முடியாது. மாமல்லபுரத்துக் கோயில்கள் அனைத்தும் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் வேலை என்று 1962இல் எழுதினார். பாணி வளர்ச்சியை வைத்துப் பல தலைமுறைக்குப் பிரித்தவர்களை எதிர்த்து, கல்வெட்டில் வரும் பட்டப்பெயர்களை ஆதாரமாக வைத்தார். பலர் ஏற்கவில்லை, விவாதம் இன்னும் ஓயவில்லை. வேடிக்கை என்னவென்றால், பாணி ஒன்றை வைத்துக் காலம் சொல்லக் கூடாது என்று அங்கே வாதாடியவரை லண்டனில் பாணி பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவருக்கு இதில் முரண் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். பாணியை மண்ணோடும் எழுத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் பிடிவாதம், பத்தூரில் நடந்ததும் அதுதான்.

கடைசிக் காலத்தில் தமிழ் மரபையும் வடமொழி மரபையும் அவர் இணைத்து எழுதிய விதம், முக்கியமாகத் திருக்குறளைத் தர்மசாஸ்திரங்களோடு முடிச்சுப் போட்டது, பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. செம்மொழி விருதுத் தேர்வுக் குழுவில் அவரைப் போட்டபோது அது அரசியல் பிரச்சினையாகவே ஆயிற்று. குறள் விஷயத்தில் எனக்கும் அவர் வாதம் ஒப்புக்கொள்ளும்படியாக இல்லை. அதற்காக நடுகற்களைத் தேடி எடுத்தவரையும் அந்தச் சண்டைக்குள்ளேயே வைத்துப் பேசி முடிப்பது நமக்குத்தான் நஷ்டம்.

சரி, நடராஜர் எங்கே? பத்தூரில் இல்லை. லண்டனில் கோயிலின் பெயரால் வென்றவர், பாதுகாப்புக் காரணத்துக்காகத் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் உள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சுற்றுவட்டாரக் கோயில்களின் ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே பூட்டிய அறைகளில் இருக்கின்றன. 2017இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் இந்தியத் தொல்லியல் துறையினர் அந்த மையத்துக்குப் போய், அங்கே இருப்பவை அசலா நகலா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.